‘ஆனை’ என்னும் அடைமொழி: பொருளையும் பிறப்பையும் கண்டறியும் முறை

நாட்டு மருந்துக் கடையில் நெருஞ்சில் கேட்டபோது, கடையில் இருந்த பெரியவர் ‘சிறுசா, ஆனையா?’ என்று திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வியில் விலங்கு எதுவும் இல்லை. காட்டில் உலவும் உயிரின் பெயர், ‘பெரிய’ என்ற சொல் நிற்க வேண்டிய இடத்தில் வந்து நின்று, அதன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. பெயர்ச்சொல் ஒன்று இப்படி அடையாக மாறும்போது அதன் பொருள் என்ன ஆகிறது, அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்பதை ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்க்கும் முறையை இங்கே விளக்க முயல்கிறேன். ‘ஆனை என்றால் பெரியது’ என்ற ஒரே விடையைப் பலர் எல்லாச் சொல்லுக்கும் சொல்லிவிடுகிறார்கள். அது பாதிச் சொற்களுக்கு மட்டுமே பொருந்தும். மீதிப் பாதிதான் ஆராய்கிறவருக்கு உண்மையான வேலை தருவது.

முதலில் இலக்கணத்தை நினைவில் கொள்ள வேண்டும். தொல்காப்பியம் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என்று நான்காகவே வகுக்கிறது. இன்று நாம் பெயரடை என்று சொல்வதற்கு அங்கே தனி வகுப்பு இல்லை. ஒரு பெயர் தன் உருவில் எந்த மாற்றமும் இல்லாமல் இன்னொரு பெயருக்கு முன்னால் நின்றாலே தமிழில் அது அடையாகிவிடும். இரண்டு பெயர்களுக்கும் நடுவில் ஏதோ ஒன்று தொக்கி நிற்கும். அது வேற்றுமை உருபாக இருக்கலாம், ‘போன்ற’ என்னும் உவம உருபாக இருக்கலாம், ஒரு முழு வினையாகவும் இருக்கலாம். தொக்கி நிற்பதை விரித்துப் பார்ப்பதே பொருள் காண்பதற்கான வழி. ‘ஆனைத்தந்தம்’ என்பதை ‘ஆனையின் தந்தம்’ என்று விரித்தால் போதும். ‘ஆனைநெருஞ்சில்’ என்பதை ‘ஆனையின் நெருஞ்சில்’ என்று விரித்தால் பொருள் வராது.

விரிப்பதற்கு முன்பு, சொல்லில் இருப்பது உண்மையிலேயே ஆனைதானா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். இந்தப் படியைத் தாண்டிச் சென்றதால் வழி தவறியவர்கள் உண்டு. சைவத் திருமுறைகளில் ‘ஆனைந்து’ என்ற சொல் வருகிறது. வேகமாகப் படிப்பவர் கண்ணில் ஆனை தென்படும். ஆனால் அது ஆன் + ஐந்து, அதாவது பசுவிடமிருந்து கிடைக்கும் பால், தயிர் முதலான ஐந்து பொருள்கள். ‘ஆனேறு’ என்பதிலும் ஆன் என்ற பசுவினமே இருக்கிறது. ‘ஆணை’ என்ற சொல்லை னகரம் இட்டு எழுதிவிட்டு அங்கே யானையைத் தேடுவது இன்னொரு வகைப் பிழை. ஆகவே சொல்லைப் பல வகையாகப் பிரித்துப் பார்த்து, எந்தப் பிரிப்பில் இரண்டு பகுதிகளும் பொருள் தருகின்றன என்று சோதித்த பிறகே மேலே செல்ல வேண்டும்.

ஆனை என்பதும் யானை என்பதும் ஒன்றே. சொல்லின் முதலில் ‘யா’ என்று இருந்தது காலப்போக்கில் ‘ஆ’ என்று ஆனது தமிழில் பல சொற்களுக்கு நேர்ந்த மாற்றம்: யாண்டு ஆண்டாயிற்று, யாறு ஆறாயிற்று, யாடு ஆடாயிற்று, யாமை ஆமையாயிற்று. யகர மெய் ஆகாரத்தோடு சேர்ந்தால் மட்டுமே சொல்லுக்கு முதலாக வரும் என்பதை ‘ஆவோ டல்லது யகரமுத லாது’ என்று தொல்காப்பியம் விதிக்கிறது. அந்த ஒரே இடத்திலும் யகரம் பின்னாளில் பல சொற்களில் உதிர்ந்துவிட்டது. சங்கப் பாடல்களில் யானை என்ற வடிவம் பெருவழக்காக இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் ‘ஆனைமாமலை’ என்று பாடிவிட்டார். செய்யுளிலும் உரைநடையிலும் யானை நிலைத்திருக்க, மக்கள் பேச்சில் வாழும் செடி, பழம், ஊர் ஆகியவற்றின் பெயர்களில் ஆனையே மிகுதியாகக் காணப்படுவதற்கு இதுவே காரணம். அகராதியில் ஒரு சொல்லை ஆகாரத்தில் தேடிக் கிடைக்காவிட்டால் யகர வரிசையிலும் தேட வேண்டும்.

விலங்கின் பெயர் எங்கிருந்து வந்தது என்பதற்கு உறவுமொழிகள் சான்று தருகின்றன. மலையாளத்தில் ஆன, கன்னடத்திலும் துளுவிலும் ஆனெ, தெலுங்கில் ஏனுகு. பரோவும் எமனோவும் தொகுத்து 1961இல் முதல் பதிப்பாகவும் 1984இல் திருத்திய பதிப்பாகவும் வெளிவந்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இவற்றையெல்லாம் ஒரே பதிவில் சேர்த்து வைத்திருக்கிறது. யானை என்பதற்குக் கருமை உடையது என்பதே அடிப்படைப் பொருள் என்று கருதும் அறிஞர்களும் உண்டு. கரிய பன்றியைக் குறிக்கும் ‘ஏனம்’ என்ற சொல்லை அவர்கள் துணைக்கு அழைக்கிறார்கள். நம்முடைய வேலைக்கு அந்த விவாதத்தில் முடிவு காண வேண்டிய தேவை இல்லை. ‘ஆனை’ வடமொழியிலிருந்து வந்த சொல் அன்று, தென்னிந்திய மொழிகளுக்குப் பொதுவான பழஞ்சொல் என்பது தெளிவானால் போதும். கயம், குஞ்சரம் போன்றவை வடமொழி வழியாக வந்தவை; அவை செய்யுளில் புழங்கினவே தவிர, செடிகொடிகளின் பெயர்களுக்கு அடையாக ஆனை அளவுக்கு ஊன்றவில்லை.

இனி விரித்துப் பார்க்கும் வேலைக்கு வருவோம். சில சொற்களில் ஆனை விலங்காகவே இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டையும் வன்னியையும் இணைக்கும் ஆனையிறவு அத்தகையது. ‘இறத்தல்’ என்பதற்குப் பழந்தமிழில் கடத்தல் என்ற பொருள் உண்டு. ஆனைகள் நீரைக் கடந்து சென்ற இடம் என்பதையே அந்தப் பெயர் சொல்கிறது. சில சொற்களில் வடிவ ஒப்புமை இருக்கிறது. மதுரைக்கு வடகிழக்கே ஒத்தக்கடைப் பக்கத்தில் நிற்கும் யானைமலையைத் தொலைவிலிருந்து பார்த்தால், துதிக்கையை முன்னே நீட்டிப் படுத்திருக்கும் யானையின் முதுகும் மத்தகமும் தெரியும். அதற்கு விளக்கம் சொல்ல அகராதி தேவையில்லை. ‘ஆனைக்கால்’ என்ற நோய்ப்பெயரில் ஒப்புமை இன்னும் ஒரு படி தள்ளிப் போகிறது. ஆனையின் காலைப் போன்ற கால் என்பது முதல் விரிவு. அப்படிப்பட்ட காலை உண்டாக்கும் நோய் என்பது அடுத்த விரிவு. காலைக் குறிக்க வேண்டிய தொடர் நோயைக் குறிப்பதால் இலக்கணத்தில் இதனை அன்மொழித்தொகை என்பார்கள்.

‘பெரிய’ என்ற பொருளுக்கு வருவோம். இதை நிறுவுவதற்கு ஒரு சோதனை இருக்கிறது: அடையை நீக்கினால் எஞ்சும் சொல், தனியாக வேறொரு பொருளுக்குப் பெயராக இருக்க வேண்டும், அந்தப் பொருள் அளவில் சிறியதாக இருக்க வேண்டும். இணை இல்லாமல் பெரியது என்று சொல்வதற்கு இடமே இல்லை. நெருஞ்சிலை எடுத்துக்கொண்டால் சோதனை முழுமையாகத் தேறுகிறது. இரண்டின் காய்ந்த காய்களையும் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிறுநெருஞ்சில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உருண்டையாக இருந்து, முற்றியதும் ஐந்து துண்டுகளாகப் பிரியும். ஒவ்வொரு துண்டிலும் முள் நீட்டிக்கொண்டிருக்கும். ஆனைநெருஞ்சிலின் காய் அதைவிடப் பெரியது, நான்கு மூலை கொண்டது, மூலைக்கு ஒன்றாக அடிப்பக்கத்தில் நான்கு முட்கள் இருக்கும்; அது துண்டுகளாக உதிராது. செடிகளிலும் வேறுபாடு வெளிப்படை. சிறுநெருஞ்சில் தரையோடு படர்ந்து புளியிலை போன்ற சிற்றிலைகளைக் கொண்டிருக்கும். மற்றது நிமிர்ந்து வளர்ந்து சதைப்பற்றான, ஓரம் வெட்டுப்பட்ட தனி இலைகளைக் கொண்டிருக்கும். ஆனைநெருஞ்சிலின் பச்சைக் கிளை ஒன்றை ஒடித்து ஒரு சொம்புத் தண்ணீரில் சில நிமிடங்கள் கலக்கினால், தண்ணீர் முட்டையின் வெள்ளைக்கரு போலக் கொழகொழப்பாகி, கிளையைத் தூக்கும்போது நூலாக இழுபடும். சிறுநெருஞ்சிலைக் கலக்கினால் அப்படி ஆகாது.

தாவரவியலின்படி இவை இரண்டும் வேறு வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. ஆனைநெருஞ்சில் எள்ளுக்குத்தான் நெருங்கிய உறவு. ஆக, ‘ஆனை’ என்ற அடை ஒரே இனத்தில் பெரிய வகையைக் காட்டவில்லை. முள்ளாலும் மஞ்சள் பூவாலும் ஒத்திருக்கிற, ஆனால் பெரிதான வேறொரு செடியைக் காட்டுகிறது. இந்த நுட்பத்தை விட்டுவிட்டு ‘பெரிய நெருஞ்சில்’ என்று மட்டும் எழுதிவைத்தால், மருந்துக்குச் செடி பறிப்பவர் சிறுநெருஞ்சிலில் நன்றாக வளர்ந்த ஒன்றைப் பறித்துக்கொண்டு வந்துவிடுவார். சொற்பொருளில் நேரும் சிறு கவனக்குறைவு மருந்துப் பையில் போய் முடியும் என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். குறுந்தொகையின் 202ஆம் பாடல் ‘சிறியிலை நெருஞ்சி’ என்று இலையின் அளவைக் குறித்துப் பாடுகிறது. அடை இல்லாத ‘நெருஞ்சி’ எந்தச் செடிக்கு உரியது என்பதற்கு அது பழைய சான்றாக நிற்கிறது.

இதே சோதனையை வேறு சொற்களிலும் செய்து பார்க்கலாம். குன்றிமணி சிவப்பு உடலும் கறுப்புக் கண்ணும் கொண்ட, நஞ்சுள்ள விதை, கொடியில் காய்ப்பது. ஆனைக்குன்றிமணி முழுவதும் சிவப்பாக, அதைவிடப் பெரிதாக, மரத்தில் காய்ப்பது. மஞ்சாடி என்பதும் அதன் பெயரே. பொற்கொல்லரின் பழைய எடைக் கணக்கில் இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி என்பதால், ‘ஆனை’ இங்கே எவ்வளவு பெரியது என்பதைத் தராசிலேயே வைத்துச் சொல்லிவிடலாம். வேறு எந்தச் சொல்லிலும் அடைமொழிக்கு இத்தனை துல்லியமான அளவு கிடைப்பதில்லை.

ஆனைக்கற்றாழை நமக்கு வேறொரு செய்தியைத் தருகிறது. அந்தச் செடியின் தாயகம் மெக்சிகோ. ஐரோப்பியர் கடல்வழி கண்ட பிறகே அது இங்கே வந்திருக்க முடியும். வந்த செடியைப் பார்த்தவர்கள், தங்களுக்குத் தெரிந்த கற்றாழையோடு அதை ஒப்பிட்டு, அளவுக்கு ஆனையைச் சேர்த்துப் பெயரிட்டார்கள். எனவே இந்த அடை கடந்த சில நூற்றாண்டுகளிலும் புதுச்சொற்களை ஆக்கும் வலிமையோடு இருந்தது என்பது உறுதியாகிறது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பெருக்கமரத்துக்கு ஆனைப்புளி என்றும் பப்பரப்புளி என்றும் பெயர்கள் உண்டு. இலங்கையின் மன்னாரில் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தின் சுற்றளவு சுமார் 19 மீட்டர். அதன் அடிமரத்தைப் பார்த்தவர் அடைமொழிக்கு விளக்கம் கேட்க மாட்டார். காயின் உள்ளே இருக்கும் சதை புளிக்கும் என்பதால் ‘புளி’ வந்தது. ‘பப்பர’ என்பது அயல்நாட்டைச் சுட்டும் அடை. ஒரே பொருளுக்கு இரண்டு பெயர்கள் இருந்தால், ஒன்று உருவத்தையும் மற்றொன்று வந்த வழியையும் சொல்லக்கூடும் என்பதால், மாற்றுப்பெயர்களைத் தேடிச் சேர்ப்பதை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது.

ஒரு பொருளின் காலத்தை அறிந்தால் சொல்லின் காலத்துக்கு ஒரு கரை கிடைக்கும். இலக்கியம் இன்னொரு கரையைத் தரும். மணிமேகலையில் காயசண்டிகை ‘யானைத்தீ’ என்னும் நோயால் வருந்துகிறாள். எவ்வளவு உண்டாலும் அடங்காத பசி அது. அமுதசுரபியில் பிறந்த சோற்றை மணிமேகலை இட்ட பிறகே தணிகிறது. இங்கே யானை விலங்காகவும் இல்லை, வடிவமாகவும் இல்லை. பசி என்ற தீயின் அளவைச் சொல்ல வந்த அடையாகவே இருக்கிறது. ‘யானைப் பசிக்குச் சோளப்பொரி’ என்று இன்றும் நம் வாயில் வருகிற தொடர் இந்த வழக்கின் தொடர்ச்சி.

பொருள் சரிதானா என்பதை உறுதிப்படுத்த உறவுமொழிகளிலும் அண்டைமொழிகளிலும் அதே பொருளுக்கு என்ன பெயர் என்று பார்ப்பது நல்ல வழி. ஆனைநெருஞ்சிலைத் தெலுங்கில் ஏனுகு பல்லேரு என்றும், கன்னடத்தில் ஆனெ நெக்கிலு என்றும் வழங்குகிறார்கள். இரண்டிலும் நெருஞ்சில் மேல் ஆனைதான் ஏறி நிற்கிறது. இந்தியில் அது படா கோக்ரு, அதாவது பெரிய நெருஞ்சில். தெற்கே ஆனை என்று சொல்லும் இடத்தில் வடக்கே நேராகவே ‘பெரிய’ என்று சொல்வதால், நம் விரிவுக்கு வெளியிலிருந்து ஒரு சாட்சி கிடைத்துவிடுகிறது. ஆங்கிலத்திலும் முள்ளங்கி வகையில் காரமும் முரடும் மிகுந்த ஒன்றுக்குக் குதிரையை அடையாக்கி ஹார்ஸ்ராடிஷ் என்கிறார்கள். தம் ஊரில் கண்ட பெரிய விலங்கை அளவுச் சொல்லாக்கிக்கொள்வது பல மொழிகளுக்கும் இயல்பு.

சில வேளைகளில் ஆனை வடமொழி உடையில் மறைந்திருக்கும். அத்தித்திப்பிலி என்ற மருந்துச் சரக்கைப் பார்த்தவுடன் அத்திமரத்துக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாகத் தோன்றும். அங்கே ‘அத்தி’ என்பது ஹஸ்தி, அதாவது யானை. வடமொழியில் அதன் பெயர் கஜபிப்பலி. ஆனைத்திப்பிலி என்ற பெயரும் வழங்குவதால் மூன்றையும் ஒன்றோடு ஒன்று ஒத்துப் பார்த்து ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். இத்தகைய இடங்களில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் பெரும் துணை. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த அது, சொல்லின் மூலத்தையும், கிடைத்தவரை இலக்கிய ஆட்சியையும், செடியாக இருந்தால் தாவரப் பெயரையும் தருகிறது. அகராதியில் பொருளை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாமல், அடைப்புக்குள் இருக்கும் மூலக் குறிப்பையும் படிக்க வேண்டும்.

எல்லாச் சோதனைகளிலும் தேறிவிட்டது போலத் தோன்றி, உண்மையில் வேறு வழியில் வந்த ஒரு சொல்லை இனிப் பார்ப்போம். தமிழ்நாட்டில் பட்டர் ஃப்ரூட் என்றும் அவகாடோ என்றும் விற்கப்படும் பழத்தை இலங்கையில் ஆனைக்கொய்யா என்பார்கள். கொய்யா சிறியது, இது பெரியது, எனவே ‘ஆனை’ என்று முடித்துவிடலாம். ஆனால் இலங்கையில் பக்கத்து மொழியான சிங்களத்தில் அதன் பெயர் அலிகெட்டபேர. சிங்களத்தில் ‘அலி’ என்றால் ஆனைகள். ‘பேர’ என்றால் கொய்யா. தமிழ்ப்பெயர் அந்தச் சிங்களப் பெயரின் சொல்லுக்குச் சொல்லான பெயர்ப்பு என்று கருதுவதே பொருத்தம். சிங்களத்துக்கு ஆனை எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்தில் இந்தப் பழத்துக்கு அலிகேட்டர் பேர் என்ற பழைய பெயர் உண்டு. அலிகேட்டர் என்ற முதலைப் பெயரைக் கேட்ட காது, தன் மொழியில் ஏற்கெனவே இருக்கும் ‘அலி’யை அதில் கண்டு, அந்தச் சொல்லைத் தனக்கு விளங்கும்படி திருத்திக்கொண்டது.

இன்னும் பின்னால் போகலாம். அலிகேட்டர் என்பதே ‘பல்லி’ எனப் பொருள்படும் எல் லகார்ட்டோ என்ற ஸ்பானியத் தொடரின் சிதைவு. அந்த முதலை பழத்துக்குள் புகுந்ததும் ஒரு செவிப்பிழையால்தான் என்று தோன்றுகிறது. மெக்சிகோவின் நாவாட்டில் மொழியில் பழத்தின் பெயர் ஆவாகத்ல். ஸ்பானியர் அதை அகுவகாத்தே என்றார்கள். ஆங்கிலேயர் காதில் அது அலிகேட்டராக விழுந்தது. பச்சைநிறச் சொரசொரப்பான தோல் அந்தத் திரிபுக்கு இடம் கொடுத்தது. ஆக, விலங்கே இல்லாத ஒரு பெயரில் முதலில் முதலை புகுந்து, பிறகு அது ஆனையாக மாறி, அந்த ஆனை தமிழுக்கு வந்திருக்கிறது. வந்த பிறகு ஆனைநெருஞ்சிலுக்கும் ஆனைக்குன்றிமணிக்கும் பக்கத்தில் இயல்பாகப் பொருந்திக்கொண்டதால் யாருக்கும் ஐயம் எழவில்லை. ஆகவே, பொருள் ‘பெரிய கொய்யா போன்ற பழம்’ என்றும், பிறப்பு ‘சிங்களம் வழியாக ஆங்கிலம்’ என்றும் தனித்தனியே குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு சொல் இன்று என்ன பொருள் தருகிறது என்பதும், அது எப்படி உண்டாயிற்று என்பதும் இரண்டு வெவ்வேறு கேள்விகள். ஒன்றன் விடையை மற்றதற்கு எழுதிவிடக் கூடாது.

மற்ற விலங்குகளின் அடைகளை ஆராய விரும்புபவருக்கும் இதே முறை உதவும்; பொருள்கள்தான் மாறும். நரிவெங்காயத்திலும் காக்காப்பொன்னிலும் அளவுக்கு இடம் இல்லை. பார்ப்பதற்கு உண்மையானது போல இருந்து, உணவுக்கோ நகைக்கோ உதவாதது என்பதை நரியும் காக்கையும் அங்கே சொல்கின்றன.

‘பெரிய’ என்ற பொருள் அறவே செல்லாத ஆனைச் சொல் ஒன்று உண்டு. திருப்பாவையின் ஏழாம் பாசுரத்தில் ஆண்டாள் ‘கீசுகீசு என்றெங்கும் ஆனைச்சாத்தன் கலந்து பேசின பேச்சரவம்’ என்று பாடுகிறாள். ஆனைச்சாத்தன் வலியன் என்னும் பறவை. நாம் கரிச்சான் என்றும் இரட்டைவால் குருவி என்றும் சொல்வது. மைனா அளவுக்குத்தான் உடம்பு. இங்கே ‘சாத்தன்’ என்று இன்னொரு பறவையும் இல்லாததால் இணை வைத்துப் பார்க்கும் சோதனையே நடவாது. அப்போது உறவுமொழிக்குச் செல்ல வேண்டும்: மலையாளத்தில் இதே பறவைக்கு ஆனறாஞ்சி, அதாவது ஆனையைப் பறித்துச் செல்வது, என்று பெயர். தமிழில் வலியன் என்பதும் வலிமையைத்தான் சொல்கிறது. மூன்று பெயர்களும் உடம்பின் அளவை விட்டுவிட்டுப் பறவையின் துணிவைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பது என் முடிபு. இதற்கு வயல்வெளியில் சான்று கிடைக்கும். விடிவதற்கு முன்பே குரல் கொடுக்கத் தொடங்கிவிடும் அந்தப் பறவை மின்கம்பியில் அமர்ந்திருக்கும் இடத்தில், கூடு கட்டும் காலத்தில் சிறிது நேரம் நின்று பாருங்கள். பருந்தோ காகமோ கூட்டின் பக்கமாக வந்தால், அது கம்பியிலிருந்து நேராகப் பாய்ந்து, தன்னைவிடப் பல மடங்கு பெரிய பருந்தின் முதுகுக்கு மேலேயே பறந்து கொத்தி, எல்லை தாண்டும்வரை விரட்டிவிட்டு, மீண்டும் அதே கம்பியில் வந்து உட்காரும்.